ஐந்தடிக் கட்டில்

ஜூன் 1, ஞாயிறு

அம்மா வண்டி வாங்கிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. காலையில் வாசலில் ஹாரன் சத்தம், எட்டிப் பார்த்தால் ஒரு குட்டி யானை நிற்கிறது. பழைய லோடு வண்டிதான், ஆனால் இன்ஜின் சத்தம் சுத்தம். ஓட்டுநர் சீட்டில் அம்மா. காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் துண்டு.

"பின்னாடி அடைப்புப் பலகையெல்லாம் கழட்டிட்டு வெறுந்தட்டாக் குடுங்கன்னேன். குடுத்துட்டாங்க. இதும்மேல ஒரு ரூம் வேணும் கண்ணு. படுக்கணும், சமைக்கணும், நெனச்சப்பக் கெளம்பணும்."

"எங்க?"

"காவேரி ஓரமா. மேட்டூர்ல புடிச்சு கடல் வரைக்கும் இந்தக் கரையில போயி, அந்தக் கரையில திரும்பி வரணும்."

முப்பது வருஷம் கொல்லிமலை அடிவாரத்தில் கிராம நர்சாக இருந்தவள். போன வருஷம் ரிட்டயர்ட். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்பா இருந்தவரை அம்மா ஆசைப்பட்டு ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. ராத்திரிச் சாப்பாடு அம்மா கையால் பரிமாறினால்தான் அப்பாவுக்கு இறங்கும்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு நர்சம்மா?"

"வேற எந்த வயசுலங்க?" என்றாள் அம்மா.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார். முறைக்கட்டும்.

நான் புனேயில் வண்டிக் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தவன். மேனேஜருக்குக் கணக்குத் தெரியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், வேலையை விட்டேன். அம்மாவுக்குத் துணையாக இருக்கலாம் என்றுதான் ஊருக்கு வந்தது. இப்போது பாருங்கள், நான் இல்லாவிட்டால் இந்தப் பெட்டியை யார் டிசைன் பண்ணுவார்கள்?

ஜூன் 3, செவ்வாய்

அடிப்படைக் கணக்கு. வண்டி தாங்குவது 750 கிலோ. பெட்டி, தண்ணீர், கேஸ், பேட்டரி, அம்மா, அம்மாவின் எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் அதற்குள். நான் 600-ஐத் தாண்ட விடமாட்டேன். பழைய சஸ்பென்ஷன், புது ஓட்டுநர். அந்த 600-இல் பெட்டியின் பங்கு 400. இது சட்டம்.

வெளிநாட்டுக்காரர்கள் வெறுந்தட்டு வண்டிமேல் கட்டுகிற பெட்டிகளை எல்லாம் பார்த்தேன். பாதிக்கு மேல் குப்பை. அவர்கள் பெட்டி மட்டுமே நம் வண்டி எடை இருக்கிறது. தேறியது மூன்று அமைப்பு.

ஒன்று: கட்டில் டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இடம் தாராளம். ஆனால் எடை உச்சியில் உட்கார்ந்துகொள்ளும், வளைவில் வண்டி சாயும். அம்மா முட்டி ஏணி ஏறவும் ஏறாது.

இரண்டு: துணிக் கூரை. நின்ற இடத்தில் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், ஓடும்போது மடக்கலாம். மூன்றிலும் இதுதான் லேசு, காற்றும் தள்ளாது. என் ஓட்டு இதற்குத்தான். படத்தைக் காட்டினேன்.

"துணியா? ஒரு பிளேடு போதுமே" என்றாள் அம்மா.

பேனாவை எடுத்து இரண்டாவதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மூன்று: நீளவாக்கில் பக்கத்துக்கு ஒரு கட்டில், நடுவில் நடை, பின்னால் அடுப்பு. பகலில் கட்டிலே பெஞ்சு. டாய்லெட் கிடையாது. எந்த பெட்ரோல் பங்க்கிலும் இருக்கிற சமாச்சாரத்துக்கு எதற்கு முப்பது கிலோ சுமக்க வேண்டும்?

"ரெண்டு கட்டிலா?" என்றாள்.

"இடது வலது எடை சமமா இருக்கணும்மா. பேலன்ஸ்."

சொன்னது சரிதான். இன்ஜினீயரிங் ரீதியாகச் சரி.

ஜூன் 6, வெள்ளி

சேலம் ரோட்டில் அர்த்தனாரி அண்ணன் பட்டறை. லாரிக்குப் பாடி கட்டுகிறவர். நாமக்கல்லில் பாதி முட்டை லாரி அவர் கையில் பிறந்தது. அம்மாவைப் பார்த்ததும் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓடி வந்தார்.

"நர்சம்மா! எம்பட மூத்த புள்ளைக்கு ஊசி போட்டீங்களே, இப்ப அதுக்கே ரெண்டு புள்ளைங்க."

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். இரும்புச் சட்டம், முக்கால் இன்ச் பிளைவுட், மேலே தகரம் என்றார். மனக்கணக்கில் போட்டேன். 650 கிலோ, வெறும் கூடு மட்டும்.

"அதெல்லாம் வேண்டாம்ணா. ஐஸ்கிரீம் வண்டிக்குப் போடுற பலகை. நடுவுல நுரை, ரெண்டு பக்கமும் ஃபைபர் தோல். மொத்தக் கூடும் நூத்துமுப்பது கிலோ."

"தெர்மாகோல்லயா வீடு கட்டறீங்க?" பட்டறை முழுக்கச் சிரித்தது.

சாம்பிள் பலகையை இரண்டு ஸ்டூல் நடுவே பாலம் மாதிரி வைத்து மேலே ஏறி நின்றேன். குதித்தேன். அப்புறம் பெயின்டரைக் கூப்பிட்டு ஏற்றினேன், நல்ல கனத்த ஆள். அப்புறம் அர்த்தனாரி அண்ணனையும். மூன்று பேரும் பலகைமேல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். முனகக்கூட இல்லை.

"செரி எறங்குங்க, பலகைக்கு வலிக்கும்" என்றார். அதுதான் சம்மதம்.

ஜூன் 8, ஞாயிறு

பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். அரிசி ஆலை வைத்திருக்கிறார், அபிப்பிராயமும் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார்.

"கோகிலம், உனக்கென்ன கொறை? ஊடு இருக்குது, பென்சன் இருக்குது. உம்மூத்தவன் கௌதம் பெங்களூருக்குக் கூப்பிடறான். பேரனைப் பாத்துட்டு இருக்கலாமல்ல?"

"பாக்கலாமுங்க மாமா. போயிட்டு வந்து பாக்கறேன்."

"நாடோடியாட்டம் ரோட்டுல படுக்கறதுக்கா எந்தம்பி உன்னையக் கட்டினான்?"

அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் முறை.

"பெரியப்பா, உங்க லாரி டிரைவருங்க எல்லாம் ரோட்டுலதான் படுக்கறாங்க. அவங்களைக் கூப்பிட்டு இதே கேள்வி கேக்கலாமா?"

"அவுனுங்க ஆம்பளைங்கடா."

"அம்மா அவங்களை விட நல்லா ஓட்டுறாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா உள்ளேயிருந்து, "அவரு காபி குடிக்கலையே" என்றாள். அவ்வளவுதான் அவள் கவலை.

ஜூன் 11, புதன்

பட்டறைத் தரையில் பெட்டியை அசல் அளவுக்குச் சாக்பீஸால் வரைந்தேன். காகிதத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், ஆள் நடந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அம்மாவைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே விட்டேன். கதவு இருக்கிற இடத்தில் நின்று, இல்லாத கதவைத் திறந்து, தலை குனிந்து உள்ளே போனாள். அடுப்பில் இல்லாத பால் வைத்தாள். பெயின்டர், "பொங்குதுங்க நர்சம்மா" என்றார். அணைத்தாள்.

இடது கட்டிலில் உட்கார்ந்து வலது கட்டிலைப் பார்த்தாள்.

"நீளம் எவ்வளவு?"

"ஆறடி."

"நான் அஞ்சடிக்கு ஒரு விரல் கம்மி."

"ஸ்டாண்டர்ட் சைஸ்மா."

கதவுப் பக்கம் திரும்பினாள். "தாப்பாள் உள்பக்கம்தானே?"

"ஆமா."

"பாத்ரூம் எங்க?"

பங்க் சமாச்சாரத்தைச் சொன்னேன். முப்பது கிலோ கணக்கையும் சொன்னேன். அவள் கதவு இருக்கிற இடம் வழியாக வெளியே வரவில்லை, சுவரைத் தாண்டி வந்தாள்.

ஜூன் 12, வியாழன்

அம்மா பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

இன்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அடுத்த தெருவில் யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"டூட்டிக்குப் போறப்போ நான் தண்ணி குடிக்க மாட்டேன். காலையில ஒரு டம்ளர் காபி. அதோட சரி. அப்பறம் ஊட்டுக்கு வந்துதான்."

"ஏன்?"

"ஏன்னா? ஆம்பளைங்க வேலிப்பக்கம் ஒதுங்குவாங்க. நான் எங்க ஒதுங்கறது? ஊசிப்பெட்டியோட ஒவ்வொரு ஊடா ஏறி எறங்கணும். பாதி ஊட்டுல கக்கூசே கெடையாது. இருக்கற ஊட்டுலயும் ஊசி போட வந்தவ அதைக் கேக்க முடியுமா? மே மாசத்துலயும் அப்படித்தான். கல்லடைப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்காது, நீ ஒண்ணாவது. டாக்டர் கேட்டாரு, நர்சா இருந்துட்டு தண்ணி குடிக்க மாட்டீங்களான்னு. எல்லாருக்கும் நாந்தான் சொல்வேன், தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு."

மடித்த துணியை அடுக்கினாள்.

"கட்டில் இல்லைன்னாக்கூட கீழ படுத்துக்குவேன் பூபதி. கக்கூஸ் இல்லாத வண்டி எனக்கு வேண்டாம்."

முப்பது கிலோ. சேர்த்துவிட்டேன். கணக்கு இடிக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 23, திங்கள்

பலகைகள் வந்து இறங்கின. அறுக்கிற வேலை. வெள்ளைத் தூள் பட்டறை முழுக்கப் பறந்து எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. அர்த்தனாரி அண்ணன் கண்ணாடி பார்த்து, "இதுக்குத்தான் இரும்பு நல்லது" என்றார்.

டாய்லெட் பின் மூலையில். கையால் தூக்கிப் போய்க் கொட்டுகிற சின்ன டப்பா வகை, அதைச் சுற்றி மெல்லிய தடுப்பு. அதற்காக நடை குறுகிவிட்டது. அம்மா மட்டும் நுழையலாம். நான் நுழைந்தால் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்க வேண்டும். பரவாயில்லை, பழகிவிடும்.

ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து மெயில். எலெக்ட்ரிக் வண்டிக்குப் பாடி டிசைன், வந்து பாருங்கள் என்கிறார்கள். எனக்கு இப்போது நேரமில்லை. பெட்டி இருக்கிறது.

ஜூலை 2, புதன்

கௌதம் அண்ணன் போன். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண் நின்றுவிட்டாளாம். அண்ணி வேலைக்குப் போக வேண்டுமாம். "அம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லுடா."

"ஆயா வேணும்னா ஆயான்னு கேளு. அம்மான்னு கேக்காத."

போனை வைத்துவிட்டான். வைக்கட்டும்.

பெட்டி எழுந்து நிற்கிறது. நான்கு சுவர், கூரை, பின் கதவு. வெள்ளையாக, மூலையெல்லாம் அலுமினியக் கோணத்தோடு. வண்டியோடு வெல்டிங் கிடையாது. நாலு கொக்கியைக் கழற்றினால் பெட்டி தனி, வண்டி தனி. ரோட்டில் போகிறவர்கள் நின்று, "என்ன, நடமாடும் முட்டைக் கடையா?" என்று கேட்கிறார்கள். அம்மா, "ஆமாங்க, கோழியும் உள்ளதான் இருக்கும்" என்கிறாள்.

ஓசூரிலிருந்து மறுபடி மெயில்.

ஜூலை 12, சனி

பரமத்தி ரோடு எடை மேடை. பெட்டியை ஏற்றிய வண்டியை நிறுத்தினோம். வெறும் வண்டி எடையைக் கழித்தேன். 470.

மறுபடி நிறுத்தச் சொன்னேன். 470.

என் கணக்குப்படி 415 வர வேண்டும். அதுவே கூடுதல்தான், அந்தப் பதினைந்தை எங்கேயாவது சுரண்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மீதி ஐம்பத்தைந்து எங்கிருந்து முளைத்தது? பட்டறைக்கு வந்து காந்தத்தை எடுத்தேன். ஃபைபர் தோலில் காந்தம் ஒட்டக் கூடாது. தரைக்கு அடியில் ஒட்டியது. மூலைகளில் ஒட்டியது. கூரை வளைவில்கூட ஒட்டியது.

"அண்ணா."

அர்த்தனாரி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மறைக்கவில்லை.

"ஆங்கிள் வெச்சேன் தம்பி. நீங்க சாப்பாட்டுக்குப் போயிருந்தப்ப. அதுக்குக் காசு கேக்கல."

"நான் கேட்டேனா உங்களை? நாலு கிலோவுக்கு நான் தலைகீழா நின்னு கணக்குப் போடுறேன், நீங்க பாட்டுக்கு இரும்பைச் சொருகறீங்க!"

"இந்த ஊர்ல எழுதுன எடைக்கு எவன் பாரம் ஏத்தறான்? பத்து டன்னுன்னு சொல்லிட்டு பதினாறு ஏத்துவான். பாடி பிரிஞ்சா என்னையத்தான் வந்து புடிப்பான். ஒண்ணரை மடங்கு வெச்சுத்தான் எங்கையி கட்டும். அதுவும் இது லோடு இல்ல தம்பி. நர்சம்மா. தனியாப் போறாங்க. பின்னாடி எவனாவது வந்து இடிச்சா?"

"இடிச்சா இரும்பு இல்ல, பிரேக் காப்பாத்தும். எடை கூடுனா பிரேக் புடிக்காது. உங்க பாசம் நாப்பத்தெட்டு கிலோ அண்ணா. கழட்டுங்க."

அப்புறம் கிரைண்டரை எடுத்தார். முகம் தொங்கிவிட்டது. எனக்கு வருத்தமில்லை. மீதி ஏழு கிலோ பசை கூடுதல், அது என் தப்பு, எழுதி வைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இரும்பை எடுத்தாகிவிட்டது. 422. இன்னும் 22 போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சின்னதாக்கலாம். அம்மா விடவில்லை. அலமாரிக் கதவுகளைக் கழற்றி வலை போடலாம், நாலு கிலோ. மெத்தையை மெல்லிசாக்கலாம், மூன்று.

அம்மா வலது கட்டிலைத் தட்டினாள். "இது எவ்வளவு?"

"இருபத்தேழு. அதை எடுக்க முடியாது. பேலன்ஸ் போயிடும்."

"அந்தப் பக்கம் தண்ணித்தொட்டிய வெச்சா?"

நான் டேப்பை எடுத்து அலமாரிக் கதவை அளக்க ஆரம்பித்தேன்.

"அர்த்தனாரிக்குப் பயம், இரும்பு வெச்சாரு. நீ எதுக்குடா கட்டில் வெச்ச?"

"கெஸ்ட் வந்தா?"

"எங்கூட்டு கெஸ்ட்டு வெளிய சேர்ல உக்காரட்டும்."

"உடம்பு சரியில்லன்னா? வண்டி பஞ்சர் ஆனா? ராத்திரி எவனாவது கதவைத் தட்டினா? யாரு இருப்பா உங்க கூட?"

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளம்பி வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

மூன்று நாளாகப் பட்டறைக்குப் போகவில்லை. இங்கே வேலை இல்லாமல் இல்லை. ஃபேன் ரெகுலேட்டர் சரி செய்தேன். மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். மத்தியானம் தூங்கினேன்.

அம்மா சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்குத் துணைன்னு வந்த. ஒண்ணரை வருஷமா உன்னைய எழுப்பறது, உனக்குச் சோறு போடறது, நீ கோவிச்சா சமாதானம் பண்றது. ராத்திரி ஒம்பது மணிக்கு உங்கப்பா உக்காந்த அதே எடத்துல உக்காந்து தட்டு கேக்கற."

கட்டிலை நான் கழற்றவில்லை. கழற்றமாட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. பட்டறைக்குப் போனேன், டேப்பை அங்கே விட்டு வந்திருந்தேன்.

அர்த்தனாரி அண்ணன் வாயில் விரல் வைத்தார். பெட்டி கதவு திறந்திருந்தது. அம்மா அலமாரிகளுக்குத் தாள் ஒட்ட வந்தவள், மிச்சப் பலகை ஒன்றை நடைக்குக் குறுக்கே, கட்டில்கள் இரண்டுக்கும் மேலாகப் போட்டு, அதில் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். பக்கத்தில் கிரைண்டர் கத்துகிறது, ஒரு லாரிக்கு டிங்கர் அடிக்கிறார்கள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அப்பா செத்த மறுநாள்கூட.

அப்புறம்தான் கவனித்தேன். குறுக்கே. அகலவாக்கில்.

உள் அகலம் 1540 மில்லி. ஐந்தடி. தலை ஒரு சுவருக்கு விரலளவு தள்ளி, பாதம் அடுத்த சுவருக்கு விரலளவு தள்ளி. ஆறடி ஆள் யாரும் அப்படிப் படுக்க முடியாது. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. எந்த வெளிநாட்டுக்காரனும் அதனால்தான் வரையவில்லை.

வெளியே வந்து சாக்பீஸ் எடுத்தேன். முன் சுவரை ஒட்டிக் குறுக்கே ஒரே கட்டில். கட்டிலுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, பேட்டரி. எடை முழுக்கத் தாழ்ந்து, நடுவில். பேலன்ஸுக்கு எதுவும் வேண்டாம், அதுவே பேலன்ஸ். நீளக் கட்டில் இரண்டும் போனால் நடை அகலமாகிறது. டாய்லெட்டுக்குச் சரியான கதவு. அடுப்புப் பக்கத்தில் உட்காரப் பலகை, ஜன்னல். எடை கூட்டினேன். இரண்டு கட்டில் போய் ஒரு குட்டைக் கட்டில் வந்தது. 379.

தரையில் வரைந்த கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். பாதம் சுவரைத் தாண்டி ரோட்டில் கிடந்தது. முட்டியை மடக்கினேன். ஒருக்களித்தேன். மூலைக்கு மூலை படுத்தேன். அப்போதும் பொருந்தவில்லை.

பெயின்டர் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எடம் பத்தாது போல தம்பி" என்றார்.

"தெரியுது" என்றேன்.

ஜூலை 19, சனி

நீளக் கட்டில் இரண்டையும் நானே கழற்றினேன். ஸ்க்ரூ ஒன்று வழுக்கிப் போய்ச் சனியன் வரவே மாட்டேன் என்றது. துளை போட்டு எடுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

பஞ்சாயத்து. பெரியப்பா, பெரியம்மா, பெங்களூரிலிருந்து கௌதம் அண்ணன். அம்மா எல்லாருக்கும் இட்லி ஊற்றினாள், தன்னைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குத் தானே.

ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று பெரியம்மா ஆரம்பித்தார். பதினெட்டுக்கு ஆறே பெருகி வருது, நான் போனா என்னங்க என்றாள் அம்மா. போலீஸ் பிடிக்கும் என்றான் அண்ணன். லைசென்ஸ் இருக்குது. பாம்பு. தெரியும், கடிக்கு மருந்து போட்டதே நான்தான். குடிகாரர்கள். அதுக்குத்தான் துணிக்கூரை வேண்டாம்னு இரும்பாட்டம் கதவு.

பெரியப்பா கையைக் கழுவிவிட்டு வந்து கடைசித் தீர்ப்பைச் சொன்னார்.

"செரி. போகட்டும். புடிவாதம் உங்க வமுசத்துக்கே சொத்து. ஆனா பூபதி கூடப் போகட்டும். ஆம்பளத் தொணை ஒண்ணு இருந்தா எவனும் ஒண்ணும் பேசமாட்டான். இவனும் இங்க சும்மாதான இருக்கறான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் தலையை ஆட்டினான். பெரியம்மா, "அதுதான் நல்லது" என்றார். அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பிடித்த கை மாவுக்கு மேலேயே நின்றிருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையை எப்படிச் சொல்வாள்? நான் ஒரு "சரி" சொல்லியிருந்தால் முடிந்தது.

"முடியாது" என்றேன்.

"ஏன்டா?"

"எனக்கு எடமில்ல. கட்டில் அஞ்சடி. நான் அஞ்சடி பதினொண்ணு."

"அப்ப கட்டிலை மாத்து! நீதான கட்டின?"

"நான்தான் கட்டினேன். மாத்தமாட்டேன். மாத்துனா பாத்ரூம் போயிடும், எடை கூடும், பிரேக் புடிக்காது. அது ஒரு ஆளுக்கான வண்டி பெரியப்பா. அந்த ஆள் இவங்கதான்."

"தாயத் தனியா அனுப்பிட்டு நீ இங்க என்னடா பண்ணப்போற?"

"எனக்கு ஓசூர்ல வேலை கெடைச்சிருச்சு."

அம்மா இப்போது பார்த்தாள். கரண்டி மாவுக்குள் விழுந்தது.

பெரியப்பா, "எப்படியோ நாசமாப் போங்க" என்று எழுந்தார். காபியை மட்டும் இந்தத் தடவை குடித்துவிட்டுப் போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஓசூருக்கு மெயில் அனுப்பினேன். சொல்லியாகிவிட்டது, நிஜமாக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

ஓசூரில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியாகச் செய்த வேலை எது என்றார்கள். பெட்டியைச் சொன்னேன். இரண்டு கட்டிலைக் கழற்றியதையும் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். புனே மேனேஜரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

எடை மேடை. 381.

மேடையிலேயே பூசை. பெயின்டர் பூசணிக்காய் உடைத்தார், நாலு டயருக்கும் எலுமிச்சை. அர்த்தனாரி அண்ணன் பின் கதவில் தன் கையால் சின்னதாகக் கண்திருஷ்டி முகம் வரைந்திருந்தார். பெயின்ட் எடை எவ்வளவு என்று கேட்டேன். "கோமாளி" என்றார் என்னை. அப்புறம் மெதுவாக, "சத்தியமா இரும்பு எதுவும் வெக்கல" என்றார். காந்தம் வைத்துப் பார்த்தேன். அம்மா என் கையில் ஓர் அடி போட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா விடியும்போதே தலைக்குக் குளித்துவிட்டாள். வீட்டுச் சாவியைக் குடித்தனம் வருகிறவர்களிடம் கொடுத்தாகிவிட்டது. என் பை வாசலில், அவள் வண்டி வாசலில்.

பெட்டிக்குள் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டு எடுத்தேன். எண்ணெய் விட்டேன். மறுபடி போட்டேன்.

"போதும்டா, தேஞ்சுறப்போகுது."

"சரிவுல செகண்ட் கியர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க. டயர்ல காத்து..."

"நாப்பது. தெரியும்."

"போன் பண்ணுங்க."

"நீ பண்ணாத. நான் பண்றேன்."

வண்டி திரும்பியது. எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு ஒரு ஹாரன் அடித்தாள். நீளமாக.

ஆகஸ்ட் 9, சனி

ஓசூர். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவரிடம் சண்டை. அவர் வரைந்த பிராக்கெட்டில் தேவையைப் போல மூன்று மடங்கு கனம். யாருக்குப் பயந்து இவ்வளவு இரும்பு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

காலையில் அம்மா போன். முசிறி பக்கம், ஆற்றங்கரையில், ஒரு அரசமரத்தடியில் நிற்கிறாளாம்.

"நேத்துலேர்ந்து நாலு சொம்பு தண்ணி குடிச்சிருக்கேன். ஆத்தைப் பாத்துட்டே குடிச்சேன். அப்பறம் காலையில ஒரு கூத்து. பட்டுபட்டுன்னு கதவைத் தட்டறாங்க. யாரு வண்டி, யாரு உள்ளேன்னு. போலீஸ்காரரு."

"என்ன பண்ணுனீங்க?"

"பாத்ரூம்ல இருந்தேன்."

"அம்மா!"

"என்னடா அம்மா? உள்ள ஆளிருக்குதுன்னு சத்தம் போட்டேன். மறுபடி தட்டுனாரு. உள்ள ஆளிருக்குதுங்க, நில்லுங்கன்னேன். நின்னாரு."

சிரிக்கிறாள். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

"நெதானமா வந்து கதவைத் தெறந்தேன். பாவம், சின்னப் பையன். டீ போட்டுக் குடுத்து, பிபி பாத்துவிட்டேன். கொஞ்சம் அதிகமாத்தான் இருக்குது. தண்ணி நெறையக் குடிங்க தம்பின்னு சொன்னேன்."